மகனைப் பற்றி ஒன்றரைப் பக்கம், மகளைப் பற்றி ஒரே வரி

கேள்வி (2025 ஐ.பி.எல். முடிந்தபின் வந்த கடிதம்): எனக்கு 47 வயது. பெரம்பூர்வாசி. சின்ன வயதிலிருந்தே கிரிக்கெட் பைத்தியம். 1999ல் சேப்பாக்கத்தில் பாகிஸ்தானுடன் நடந்த டெஸ்ட்டின் கடைசி நாளை அப்பாவோடு நேரில் பார்த்தவன். அப்பா தவறி ஒன்றரை வருடம் ஆகிறது. இப்போது என் பிரச்சினை என் மகன். பத்தாவது முடித்திருக்கிறான். கிரிக்கெட் என்றாலே "மொக்கை" என்கிறான். ஞாயிறு காலையில் கால்பந்து விளையாடப் போகிறான், ராத்திரி போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு மான்செஸ்டர் யுனைடெட் ஆட்டம் பார்க்கிறான். மே மாதம் ஒரு நாள் காலையில் அழுத முகத்தோடு வந்து "நாங்க தோத்துட்டோம்பா" என்றான். "இங்கிலாந்துக்காரன் தோத்தா உனக்கென்னடா" என்று கேட்டுவிட்டேன். அன்றிலிருந்து பேச்சு குறைந்துவிட்டது. மனைவியோ "நம்ம வீட்டு டிவி எனக்கு ஐ.பி.எல். முடிஞ்ச மறுநாள்தான் கிடைக்கும்" என்கிறாள். 2023 உலகக் கோப்பை ஃபைனலில் ரிமோட்டைத் தூக்கிப் போட்டதைச் சொல்லிக் காட்டுகிறாள். மகளுக்குப் பதினோரு வயது, அவள் எந்த ஆட்டமும் பார்ப்பதில்லை, அந்த ஃபைனலில் கோலி பேட்டிங் செய்யும்போது தண்ணீர் குடிக்க எழுந்ததற்கு நான் திட்டியதிலிருந்து மேட்ச் நாளில் ஹாலுக்கே வரமாட்டாள். எனக்கு பி.பி. மாத்திரை உண்டு, கடைசி ஓவரில் படபடப்பு வரும். இது ஏதாவது நோயா? மகனை எப்படி கிரிக்கெட் பக்கம் கொண்டுவருவது?

பதில்:

பெரம்பூர் நண்பருக்கு வணக்கம். உங்கள் கடிதம் நீளமானது, மேலே சுருக்கித்தான் போட்டிருக்கிறேன். மூன்று முறை படித்தேன். மூன்றாவது முறை படித்தபோதுதான் எதை முதலில் எழுத வேண்டும் என்று புரிந்தது, அதனால் நீங்கள் கேட்ட வரிசையில் பதில் வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நோயா என்ற கேள்வியை முதலில் முடித்துவிடலாம். இல்லை. ஒரு அணிக்காக உயிரை விடுவதற்கு மருத்துவத்தில் பெயர் ஒன்றும் கிடையாது. இருந்தால் எனக்கே முதலில் சீட்டு எழுதியிருப்பார்கள். உலகக் கோப்பை ஃபைனல் நடந்த 2011 ஏப்ரல் 2 அன்று நான் ஒரு அப்பாயின்ட்மென்ட்கூட வாங்கவில்லை, கேட்டவர்களிடம் "அன்னைக்கு ஒரு விசேஷம்" என்று சொன்னேன். பொய்யும் இல்லையே. என்னைப் போன்ற ஆலோசகர்கள் இந்த மாதிரிக் கடிதத்தில் தேடுவது வேறு விஷயங்களை: தூக்கம் போகிறதா, வேலைக்கு லீவு போட்டு லீவு தீர்ந்துவிட்டதா, கை ஓங்குகிறதா, பணம் போகிறதா. கடைசியாகச் சொன்னதைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை, அதனால் நேராகவே கேட்கிறேன். பணம் கட்டி அணி அமைக்கும் ஃபேன்டஸி ஆப் ஏதாவது போனில் இருக்கிறதா? நண்பர்களோடு "சும்மா நூறு ரூபாய்" பந்தயம்? இருந்தால் தனியாக ஒரு கடிதம் போடுங்கள், அது வேறு கதை, இந்தப் பதிலில் அடங்காது.

படபடப்பை மட்டும் அலட்சியம் செய்ய வேண்டாம். 2006 உலகக் கோப்பைக் கால்பந்து ஜெர்மனியில் நடந்தபோது மியூனிக் பகுதி டாக்டர்கள் கணக்கெடுத்தார்கள். ஜெர்மனி ஆடிய நாட்களில் இதயக் கோளாறால் அவசர சிகிச்சை தேவைப்பட்டவர்கள் மற்ற நாட்களைவிட இரண்டரை மடங்குக்கும் மேல். ஏற்கெனவே இதய நோய் இருந்தவர்களிடம் இது இன்னும் அதிகம். உங்களுக்கு 47 வயது, மாத்திரை வேறு. மேட்ச் பார்க்காதீர்கள் என்று எந்த டாக்டரும் சொல்லப் போவதில்லை, ஒரு முறை போய் ஈ.சி.ஜி. எடுத்துக் காட்டிவிட்டு வந்து பாருங்கள். கடைசி ஓவரில் மூச்சு முட்டினாலோ நெஞ்சில் அழுத்தம் வந்தாலோ "மேட்ச் முடியட்டும்" என்று உட்கார்ந்திருக்கக் கூடாது. அவ்வளவுதான்.

இப்போது மகன். உண்மையைச் சொன்னால் உங்கள் மகனிடம் எனக்கு ஒரு பிரச்சினையும் தெரியவில்லை. சிரிப்புதான் வந்தது, ஏனென்றால் நீங்கள் வருணிக்கும் பையன் அச்சு அசல் நீங்கள்தான்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மான்செஸ்டர் யுனைடெட் இங்கிலாந்து லீக்கை 20 முறை வென்ற அணி, சரிதான், ஆனால் கடைசியாக வென்றது 2013ல், அவர்களுடைய பயிற்சியாளர் ஃபெர்குசன் ஓய்வு பெற்ற வருடம். அப்போது உங்கள் மகனுக்கு மூன்று வயது இருக்குமா? அவனுக்கு நினைவு தெரிந்து அந்த அணி லீக் கோப்பையைத் தூக்கியதே இல்லை. 2024-25 சீசனில் இருபது அணிகளில் 15வது இடம். நீங்கள் சொல்லும் அந்த மே மாதக் காலை எதுவென்று எனக்குத் தெரியும், மே 22 ஆகத்தான் இருக்க வேண்டும். நம் நேரப்படி நள்ளிரவு 12.30க்கு பில்பாவோவில் தொடங்கிய யூரோப்பா லீக் ஃபைனலில் டோட்டன்ஹாமிடம் 0-1 என்று தோற்றார்கள். சீசனைக் காப்பாற்ற மிச்சமிருந்த ஒரே கயிறு அது. அதுவும் அறுந்துபோன ராத்திரியை ஒரு பதினைந்து வயதுப் பையன் போர்வைக்குள் தனியாகக் கழித்துவிட்டு, காலையில், இந்த வீட்டில் இதைப் புரிந்துகொள்ளக்கூடிய ஒரே ஆள் அப்பாதான் என்று நினைத்து உங்களிடம் வந்திருக்கிறான். அம்மாவிடம் போகவில்லை பாருங்கள்.

நீங்கள் "இங்கிலாந்துக்காரன் தோத்தா உனக்கென்ன" என்றீர்கள். ராஞ்சியில் பிறந்த ஒருவரைப் பதினேழு வருடமாக "தல" என்று கும்பிடுகிற ஊரில் இருந்துகொண்டு இதைக் கேட்கிறோம். ஹேடன் யார், ஹஸ்ஸி யார், பிராவோ யார், மயிலாப்பூரா?

இன்னொன்றும் கவனித்தேன். ராபர்ட் சியால்டினி என்ற உளவியல் பேராசிரியர் 1976ல் ஒரு ஆய்வு வெளியிட்டார். அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் அவர்கள் கல்லூரி அணியின் ஆட்டத்தைப் பற்றிக் கேட்டால், ஜெயித்த ஆட்டத்தை "நாம் ஜெயித்தோம்" என்றும் தோற்ற ஆட்டத்தை "அவர்கள் தோற்றார்கள்" என்றும் சொல்லும் பழக்கம் இருந்தது. நம் டீக்கடையிலும் அதேதானே, ஜெயித்தால் "நாம", தோற்றால் "இவனுங்க". ஆனால் உங்கள் மகன் தோற்ற காலையில் "நாங்க தோத்துட்டோம்" என்றான். நீங்கள் எழுதிய முழுக் கடிதத்தில், "இந்த வருஷம் நாம பத்தாவது இடம், கடைசி" என்று ஒரு வரி இருக்கிறது, அதே "நாம". ஐ.பி.எல்.லில் பதினான்கு ஆட்டத்தில் பத்தைத் தோற்று, முதல் முறையாக அட்டவணையின் அடியில் போய் நின்ற சென்னையை "இவனுங்க" என்று தள்ளிவிட உங்களுக்கு மனம் வரவில்லை. அதை அவன் எங்கே கற்றான் என்று நினைக்கிறீர்கள்? அதே மே மாதத்தில், ஒரே வீட்டில், ஒருவர் மஞ்சளுக்கும் ஒருவன் சிவப்புக்கும் துக்கம் காத்துக்கொண்டு, நடுவில் ஒரு சுவர். எனக்கு இதைப் படிக்கவே கஷ்டமாக இருந்தது.

"தொண்ணூறு நிமிஷம் ஓடி ஒரு கோல்கூட இல்லை, இதெல்லாம் ஒரு ஆட்டமா" என்று அவனிடம் சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அய்யா, பொங்கல் டெஸ்ட்டில் தயிர்சாதத்தைக் கட்டிக்கொண்டு போய் ஐந்து நாள் உட்கார்ந்து டிரா பார்த்துவிட்டு வந்த பரம்பரை நாம். இந்த வாதத்தை மட்டும் நாம் எடுக்கக் கூடாது.

அதனால் மகனை கிரிக்கெட் பக்கம் கொண்டுவரும் வழியை நான் சொல்லப் போவதில்லை. நீங்கள் அந்தப் பக்கம் போகலாம். அவன் ஞாயிற்றுக்கிழமை ஆடுகிற மைதானம் எது என்று உங்கள் கடிதத்தில் இல்லை, தெரியாது என்று நினைக்கிறேன். வியாசர்பாடி உங்களுக்குப் பக்கத்து ஊர், வடசென்னையில் கால்பந்து என்பது நேற்று முளைத்த ஃபேஷன் இல்லை, உங்கள் அப்பா காலத்திலேயே அந்தத் தெருக்களில் பந்து உருண்டது. ஒரு காலையில் போய் ஓரமாக நில்லுங்கள். கத்த வேண்டாம், யோசனை சொல்ல வேண்டாம், பாதியில் போனை எடுத்து ஸ்கோர் பார்க்க வேண்டாம். வரும் வழியில் ஆஃப்சைடு என்றால் என்ன என்று கேளுங்கள். நிஜமாகவே புரியாமல் கேளுங்கள், அது உங்களுக்குக் கஷ்டமாக இருக்காது. எல்.பி.டபிள்யூ.வை உங்கள் அப்பா உங்களுக்கு எத்தனை தடவை விளக்கியிருப்பார்? பதினைந்து வயதில் அப்பாவுக்கு ஒன்றைச் சொல்லிக்கொடுக்கிற வாய்ப்பு எல்லாப் பையன்களுக்கும் கிடைப்பதில்லை. அவன் ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் கூடும். முதல் தடவை அப்படித்தான் இருக்கும். அடுத்த ஞாயிறும் போங்கள்.

ராத்திரி போன் விஷயத்தில் நீங்கள் சொல்வது நியாயம். பதினொன்றாம் வகுப்பு தொடங்கிவிட்டது, அந்த வயதில் எட்டு மணி நேரமாவது தூங்க வேண்டும், ராத்திரி இரண்டரை மணிக்குப் படுத்து ஆறரைக்கு எழுகிற கதை வேண்டாம். ஆனால் உங்களுக்குத் தெரியாத ஒரு நல்ல சேதி இருக்கிறது. அந்த ஃபைனலில் தோற்றதால் மான்செஸ்டர் யுனைடெட் 2025-26ல் எந்த ஐரோப்பியப் போட்டியிலும் கிடையாது. வாரநாட்களில் நள்ளிரவு 12.30க்கும் 1.30க்கும் தொடங்குகிற ஆட்டங்கள் பெரும்பாலும் அவைதான். மிச்சம் இருப்பவை அநேகமாக சனி, ஞாயிறு, நம் நேரத்துக்கு மாலை ஐந்திலிருந்து ராத்திரி பத்து, பதினொன்றுக்குள் தொடங்கிவிடும். முதல் ஆட்டமே ஆகஸ்ட் 17, ஞாயிறு, ராத்திரி 9 மணி, ஆர்செனலோடு. போர்வைக்குள் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை, ஹாலில் பார்க்கலாம். வாரநடுவில் எப்போதாவது வருகிற ஒன்றிரண்டு ஆட்டங்களுக்கு, காலையில் ஹைலைட்ஸ், ராத்திரி போன் ஹாலில் சார்ஜில் என்று அவனோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். ஒரு நிபந்தனை. உங்கள் போனும் அங்கேயே சார்ஜ் ஆக வேண்டும்.

மனைவி சொல்வது ஜோக் மாதிரி இருக்கிறது, ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2025 ஐ.பி.எல். மார்ச் 22ல் தொடங்கி ஜூன் 3ல் முடிந்தது, 74 ஆட்டங்கள். ஓர் ஆட்டம் மூன்றரை மணி நேரம் என்று வைத்தாலும் 259 மணி. இதில் சென்னை ஆடியது 14, அதாவது 49 மணி. மீதி 210 மணி நேரம் நீங்கள் யாருக்காகப் பார்த்தீர்கள்? பஞ்சாப்-லக்னோ ஆட்டத்தில் உங்களுக்கு என்ன உறவு? மச்சினி நிச்சயதார்த்தத்தில் தாம்பூலம் மாற்றும்போது போனைப் பார்த்துக்கொண்டிருந்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அன்றைக்குச் சென்னை ஆட்டம்கூட இல்லை. பதினான்கை வைத்துக்கொள்ளுங்கள், யாரும் கேட்க மாட்டார்கள். அறுபதைக் கொடுத்துவிடுங்கள். இதற்கு மேல் இதில் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை, அவர்கள் கேட்பது டிவியை மட்டும்தானா என்று வேண்டுமானால் ஒருநாள் அவர்களிடமே கேளுங்கள்.

சரி. நான் முதலில் எழுத நினைத்ததற்கு இப்போதுதான் வருகிறேன், எனக்கும் சுற்றி வளைத்துத்தான் வர முடிந்தது.

உங்கள் மூலக் கடிதத்தில் மகனைப் பற்றி ஒன்றரைப் பக்கம் இருக்கிறது. மகளைப் பற்றி ஒரே வரி, அதுவும் போகிற போக்கில். அந்த ஒரு வரிதான் இந்தக் கடிதத்தில் என்னைத் தூங்க விடாதது.

2023 நவம்பர் 19, அகமதாபாத். வரிசையாகப் பத்து ஆட்டங்களையும் ஜெயித்துவிட்டு வந்த அணி. தோற்போம் என்று யாருமே நினைக்கவில்லை. 54 ரன்னில் இருந்த கோலி, கம்மின்ஸ் போட்ட பந்தைத் தன் ஸ்டம்ப்பிலேயே இழுத்துவிட்டுக்கொண்டார், அத்தனை பெரிய மைதானம் ஊமையாகிப் போனது. அந்த நொடியில் உங்கள் வீட்டில் ஒன்பது வயதுக் குழந்தை ஒன்று கையில் தண்ணீர்ச் சொம்போடு நின்றுகொண்டிருந்தது. "நீ எழுந்ததாலதான் விக்கெட் போச்சு" என்றீர்கள். அப்புறம் டிராவிஸ் ஹெட் 137 அடித்தார், ரிமோட் சுவரில் பட்டது, நீங்கள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை, யாரோடும் பேசவில்லை.

இந்த "நகராதே" ராசி நம் எல்லோர் வீட்டிலும் உண்டு. தோனி ஆடும்போது பாத்ரூமிலேயே உட்காரவைக்கப்பட்ட சித்தப்பாக்கள், துவைக்காத லக்கி சட்டைகள், "நீ பாக்காத, நீ பாத்தா அவுட்டாயிடறான்" என்று வாசலுக்கு அனுப்பப்பட்ட பாட்டிகள். நம் கையில் எதுவுமே இல்லாத ஒன்றை உயிரைக் கொடுத்துப் பார்க்கும்போது, ஏதோ ஒன்றாவது நம் கையில் இருப்பதாக நினைத்துக்கொள்கிறோம். பெரியவர்கள் மறுநாள் அதைச் சொல்லிச் சிரித்துவிடுவார்கள். ஒன்பது வயதில் அப்படி முடியாது. தான் எழுந்ததற்கும் அகமதாபாத்தில் விழுந்த விக்கெட்டுக்கும் சம்பந்தம் இல்லை என்று அந்த வயதுக் குழந்தைக்கு ஓரளவு தெரியும். ஆனால் அதைச் சொன்னபோது அப்பாவின் முகம் எப்படி இருந்தது என்பதும் தெரியும், மனதில் தங்குவது அந்த முகம்தான். அதோடு இன்னொன்று. நவம்பரில் அப்பா இரண்டு நாள் பேசாமல் இருந்தார். நீங்கள் சொல்லும் கணக்குப்படி பார்த்தால் அடுத்த மார்கழியிலேயே தாத்தா போய்விட்டார், வீடே பேசாமல் போனது. இரண்டையும் அவள் முடிச்சுப் போட்டிருக்கிறாள் என்று நான் சொல்ல மாட்டேன், அவளைப் பார்க்காமல் சொல்ல முடியாது. ஆனால் குழந்தைகள் முடிச்சுப் போடுவார்கள், பல வருடம் யாரிடமும் சொல்லாமல் வைத்திருப்பார்கள்.

அமெரிக்காவில் இரண்டு பொருளாதார நிபுணர்கள் போலீஸ் பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். உள்ளூர் அணி, ஜெயிக்கும் என்று எல்லோரும் எதிர்பார்த்த ஆட்டத்தில் தோற்றால், அன்றைக்கு வீட்டில் ஆண்கள் பெண்களை அடித்த புகார்கள் சுமார் 10 சதவீதம் கூடியிருந்தன. தோற்பார்கள் என்று தெரிந்தே தோற்ற நாட்களில் அப்படிக் கூடவில்லை. உங்களை அந்தப் பட்டியலில் சேர்க்க இதை எழுதவில்லை, நீங்கள் கை ஓங்கியவர் இல்லை என்று உங்கள் மனைவியே கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறார்கள். எதிர்பாராத தோல்வி வீட்டுக்குள் யார் மேல் போய் விழுகிறது என்பதைச் சொல்கிறேன். உங்கள் வீட்டில் அது ஆகச் சிறிய ஆளின் மேல் விழுந்தது.

என்ன செய்யலாம்? மேட்ச் இல்லாத ஒரு நாளில், டிவி ஓடாதபோது, அவளிடம் சொல்லுங்கள். "அன்னைக்கு ஃபைனல்ல நீ எழுந்ததால விக்கெட் போகல. அப்பா சொன்னது தப்பு. கோபத்துல உன்மேல பழி போட்டுட்டேன்." இவ்வளவுதான். "ஆனா அப்பாவுக்கு அன்னைக்கு டென்ஷன்" என்று ஒரு வால் சேர்க்காதீர்கள், அந்த வால் மன்னிப்பு மொத்தத்தையும் தின்றுவிடும். சொல்லி முடித்த கையோடு "இனிமே வந்து மேட்ச் பாரு" என்று கூப்பிடவும் வேண்டாம், பார்க்காமலே இருக்க அவளுக்கு எல்லா உரிமையும் உண்டு. அவள் "அதெல்லாம் எனக்கு ஞாபகமே இல்லப்பா" என்று சொல்லக்கூடும். ஞாபகம் இருக்கிறது. கட்டாயப்படுத்தாமல் விட்டுவிடுங்கள். சில மாதம் கழித்தும் ஹாலுக்கு வராமல் ஒதுங்கியே இருந்தால், தூக்கத்திலோ படிப்பிலோ மாற்றம் தெரிந்தால், குழந்தைகளைப் பார்க்கும் மனநல ஆலோசகர் ஒருவரிடம் அழைத்துப் போங்கள்.

உங்கள் அப்பாவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், நீங்கள் கேட்கவில்லைதான். 1999 ஜனவரி 31. சச்சின் முதுகு வலியோடு 136 அடித்துவிட்டு அவுட்டானபோது தேவை 17 ரன், கையில் மூன்று விக்கெட். நான்கே ரன்னில் மூன்றும் போனது, 12 ரன்னில் தோல்வி. சேப்பாக்கமே எழுந்து நின்று பாகிஸ்தானுக்குக் கைதட்டியது. அன்று உங்கள் அப்பா பெரம்பூர் வரும்வரை ஒரு வார்த்தையும் பேசவில்லை, ஸ்டேஷனில் இறங்கி டீ வாங்கிக் கொடுத்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். 2023 மே 30 அதிகாலை ஒன்றரை மணிக்கு ஐ.பி.எல். ஃபைனலில் ஜடேஜா கடைசி இரண்டு பந்தில் சிக்ஸும் ஃபோரும் அடித்தபோது, எண்பது வயதில் அவர் நாற்காலியை விட்டு எழுந்தார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அவருடைய கடைசி சீசன் அது. இப்போது அந்த நாற்காலி காலி, அதில் மகனை உட்காரவைக்கப் பார்க்கிறீர்கள், அவன் வேறு ஆட்டத்துக்குப் போய்விட்டான். 2025 ஏப்ரலில் சென்னை வரிசையாகத் தோற்றபோது உங்களுக்கு வந்த கோபத்தில் எவ்வளவு கிரிக்கெட்டுக்கானது, எவ்வளவு அந்த நாற்காலிக்கானது என்று பிரித்துப் பாருங்கள். மனைவியிடம் சொல்லுங்கள், பையனிடம்கூடச் சொல்லலாம், "தாத்தா இல்லாம மேட்ச் பாக்கவே பிடிக்கலடா" என்று. இருவரும் உங்கள் கோபத்தைத்தான் பார்த்திருக்கிறார்கள், இதை இன்னும் கேட்டிருக்க மாட்டார்கள்.

அடுத்த கடிதம் எழுதினால் ஒரு விஷயம் மட்டும் மறக்காமல் எழுதுங்கள். மகனுக்குப் பிடித்த அணி, அவன் ஜெர்சி நம்பர், மனைவி பார்க்கும் சீரியலின் நேரம், எல்லாம் உங்கள் கடிதத்தில் இருக்கிறது. மகளுக்கு என்ன பிடிக்கும் என்பது அதில் இல்லை.